வயலில் உழைப்போர் நீர் அருந்தும் முறை

உழவர் பெருமக்களே! சித்திரை வெயிலில் பயிர் வாடி இலை சுருளும் வரை நீங்கள் காத்திருப்பதில்லை. வாடினால் விளைச்சல் குறையும் என்றறிந்து, முன்னதாகவே நீர் பாய்ச்சிவிடுகிறீர்கள். ஆனால், பயிருக்குக் காட்டும் இந்தக் கவனத்தை நம் உடலுக்குக் காட்டுவதில்லை. நா வறண்ட பிறகே தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறோம். இவ்வழக்கத்தை மாற்றிக்கொள்வது அவசியம்.

தாகம் பிந்திய அறிகுறி

கடும் வெயிலில் மண்வெட்டி பிடித்து வேலை செய்பவருக்கு மணிக்கு 1 லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். தாகம் தோன்றும்போது உடல் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு நீர் ஏற்கெனவே குறைந்திருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 600 முதல் 1,200 மில்லி ஆகும். இதனால் தலைவலி, சோர்வு, தசைப்பிடிப்பு ஆகியவை ஏற்படும், வேலையும் ஓடாது.

நாள்தோறும் நீர் குறைந்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாக ஏதுவாகும். நடு அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர் பலர், நீரிழிவு நோய் இல்லாமலேயே இளவயதில் சிறுநீரகம் பழுதடைந்து இறந்தனர். வெயிலில் கடும் உழைப்பும், அடிக்கடி ஏற்பட்ட நீரிழப்பும் இதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

எவ்வளவு, எப்போது?

வேலைக்குப் புறப்படுமுன் 2 குவளை நீர் அருந்தவும். வெயிலில் வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 250 மில்லி கொள்ளும் ஒரு குவளை நீர் அருந்தவும். இது மணிக்கு முக்கால் லிட்டர் ஆகும். 10 ஆட்கள் 4 மணி நேரம் வேலை செய்தால் 30 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடம் 2 தேவை.

வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால், உணவுடன் நீராகாரம் அல்லது உப்பிட்ட நீர்மோர் சேர்த்துக்கொள்ளலாம். மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டாம். இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தீங்கு நேரலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு நடக்கவும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் குடித்த நீர் போதுமானது. அடர் மஞ்சளானால் போதவில்லை என்று அறியலாம்.

பெண்களுக்கு மறைவிடம்

நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்களில் பலர், ஒதுங்க இடமில்லாத காரணத்தால் தண்ணீரைத் தவிர்க்கின்றனர். இதனால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. வயலோரம் நான்கு கழிகள் நட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, கைகழுவ ஒரு வாளி தண்ணீரும் வையுங்கள். செலவு சொற்பம். இதைச் செய்யாமல் குடத்தை மட்டும் வைப்பதால் பயனில்லை.

கவனிக்க வேண்டியவை

1. திறந்த கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின் பயன்படுத்தவும். குடத்தை மூடி நிழலில் வைக்கவும்.

2. பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் குடம் வயலுக்கு வெளியே, காற்று வரும் திசையில் இருக்கட்டும். கைகளையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே நீர் அருந்தவும்.

3. காலியான பூச்சிமருந்து டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் குடிநீர் எடுக்கப் பயன்படுத்தலாகாது.

4. வெயிலில் ஒருவர் பிதற்றினாலோ, நினைவிழந்தாலோ அது வெப்பத் தாக்கு. வாயில் நீர் ஊற்ற வேண்டாம். நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். தாமதம் உயிரைப் பறிக்கும்.

எனவே, நாளைய வேலைக்கு ஆட்களைக் கணக்கிடும்போதே குடங்களையும் கணக்கிட்டு வையுங்கள்.