மாற்றுக் கருத்தும் ஆசார்ய நெறியும்

ஸ்ரீ:

ஸ்வயம்வ்யக்த க்ஷேத்ரங்கள் எட்டனுள் ஒன்றான ஸ்ரீமுஷ்ணத்தில் எம்பெருமான் ஸ்ரீபூவராஹனாக எழுந்தருளியிருக்கிறான். அவனால் எடுத்தருளப்பெற்ற பூமிப்பிராட்டி அடுக்கடுக்காக ஐயங்களை வினவ, அவன் விடையளிப்பதாகவே வராஹ புராணம் அமைந்துள்ளது. வினவியது குற்றமென்று பெருமான் அவளை முனியவில்லை. ஆனால் மானிட ஸமுதாயம் வினவுவோரை எப்பொழுதும் அவ்வாறு நடத்தியதில்லை. இதற்கு பகவத் ராமானுஜரின் (1017–1137) திவ்ய சரித்திரமே தக்க சான்றாகும்.

இளமையில் அவர் யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். சாந்தோக்ய உபநிஷத்தில் பகவானுடைய திருக்கண்களை வருணிக்கும் வாக்யத்திற்கு ஆசிரியர் உரைத்த பொருள் தகாதென்று மனம் நொந்து, வேறு பொருள் உரைத்தார் சீடர். கருத்துக்குக் கருத்தால் விடை கூறியிருக்கலாம். ஆசிரியரோ காசி யாத்திரை என்ற பெயரால் அழைத்துச் சென்று, சீடரின் உயிரையே போக்க எண்ணினார் என்று குருபரம்பரை கூறுகிறது. உடன் சென்ற கோவிந்தர் எச்சரித்தமையால் ராமானுஜர் உயிர் தப்பினார். பிற்காலத்தில் அந்த யாதவப்ரகாசரே மனந்திருந்தி வந்தபொழுது, ராமானுஜர் பழம்பகையை நினையாமல் அவரை ஏற்று, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் சாற்றினார். யதிகளின் ஒழுக்கத்தைக் கூறும் யதிதர்மஸமுச்சயம் அவர் இயற்றிய நூலேயாகும்.

அடுத்து, அரசன் செய்த கொடுமை. சிவனுக்கு மேற்பட்ட தெய்வமில்லை என்று எழுதிக் கையொப்பமிடுமாறு சோழ மன்னன் ராமானுஜரை அழைத்தான். அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துக் கூரத்தாழ்வான் சபைக்குச் சென்றார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். இருவரும் இசையாமையால் கண்களை இழந்தனர். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார். ராமானுஜர் மேல்நாடு சென்று திருநாராயணபுரத்தில் எழுந்தருளினார். கையொப்பத்தை வற்புறுத்திப் பெற முயன்ற மன்னனுடைய பெயர் இன்னதென்பதிலேயே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையொப்பமிட மறுத்தவரின் பெயரோ நாள்தோறும் திருக்கோயில்களில் அநுஸந்திக்கப்படுகிறது.

குறை அரசனிடம் மட்டுமே இருந்ததாகக் கருதுவது நேர்மையாகாது. கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் திரும்பியபொழுது, ராமானுஜ ஸம்பந்தமுடையோர் உட்புகலாகாதென்னும் அரசாணையைக் காட்டிக் கோயில் வாயிலிலேயே தடுத்தனர். அஞ்சி நின்றவர்கள் அயலாரல்லர், கோயிலைச் சார்ந்தவர்களே. "இவர் நற்குணமுடையவர், இவரை மட்டும் விடலாம்" என்று ஒருவர் பரிந்துரைத்த அளவில், ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கிக் கிடைக்கும் தரிசனம் வேண்டாவென்று ஆழ்வான் திருமாலிருஞ்சோலைக்குச் சென்றார். கொடியவன் ஒருவன் செய்யும் தீங்கை நிலைநிறுத்துவது, நல்லோர் பலருடைய அச்சமும் மௌனமுமே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இனி, மாற்றுக் கருத்தை ஏற்கும் முறைக்கு வருவோம். ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யும்பொழுது, தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதுவதை நிறுத்திவிடுமாறு ராமானுஜர் ஆழ்வானை நியமித்திருந்தார். ஜீவாத்மாவின் இலக்கணத்தை அறிவுடைமை என்ற அளவிலே உடையவர் கூறியபொழுது, எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருத்தல் கூறப்படாமையால் ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசார்யர் சினந்து எழுந்தார். ஆயினும் பின்னர் தனித்திருந்து ஆராய்ந்து, சீடர் கருத்தே பொருந்துமெனத் தெளிந்து, அவரை அழைத்து மேலே எழுதுவித்தார். சினம் மஹான்களுக்கும் வரலாம். அச்சினத்தைத் தீர்ப்பாகக் கொள்ளாமையே அவர்களுடைய பெருமை.

அந்நூலின் அமைப்பும் இதையே கற்பிக்கிறது. முதல் அதிகரணத்திலேயே எதிர்த்தரப்பாரின் வாதம் லகு பூர்வபக்ஷம், மஹா பூர்வபக்ஷம் என மிக விரிவாக, அவர்களே எடுத்துரைப்பதுபோல் வலிமையுடன் வைக்கப்பட்டுள்ளது. அதன் பின்னரே ஸித்தாந்தம். பிறர் வாதத்தைக் குறைத்துக் கூறி வெல்வது வெற்றியன்று என்பது ஸம்ப்ரதாயத்தின் துணிபு. பதினெட்டு நாள் வாதப்போர் நிகழ்த்திய யஜ்ஞமூர்த்தியும் அவமதிக்கப்படவில்லை. அருளாளப்பெருமாள் எம்பெருமானார் என்னும் திருநாமமும் மடமும் பெற்று, ஞானஸாரம், ப்ரமேயஸாரம் என்னும் நூல்களை அருளினார்.

இன்று வீட்டிலும் ஊர்ச்சபையிலும் கோயில் காரியங்களிலும், "இது முறையா?" என்று ஒருவர் கேட்டவுடன், அவருடைய சொல்லை விட்டு அவருடைய குலத்தையும் வயதையும் ஆராயும் வழக்கம் பரவியுள்ளது. கேட்பவர் சொல்வதெல்லாம் சரியென்பதில்லை. அது தவறாயின் விடை கூறித் தெளிவிக்கலாம், சரியாயின் திருத்திக்கொள்ளலாம். வாயடைத்துவிட்டாலோ இவ்விரண்டும் கைகூடா.

மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருளும் ஸ்ரீமுஷ்ணப் பெருமானை, அவ்வூர் இஸ்லாமியப் பெருமக்களும் மரியாதை செய்து வரவேற்கின்றனர். வேறு நெறியில் நிற்போரின் மரியாதையைப் பெருமான் மகிழ்ந்து ஏற்கும்பொழுது, தம்முள்ளே எழும் வேறு குரலை அடியார்கள் வெறுத்தல் தகுமோ? வினவிய பூமிப்பிராட்டிக்கு விடையளித்த ஸ்ரீபூவராஹன், கேட்கும் செவியையும் பொறுக்கும் நெஞ்சையும் அனைவர்க்கும் அருள்வானாக.

சுபம்.