லீவு முடிந்த மறுநாள் நெஞ்சு இறுக்குகிறதா?



திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரங்களில் பல குடும்பங்களுக்குப் பஞ்சாலைதான் சோறு போடுகிறது. உங்கள் வீட்டிலும் கணவரோ மனைவியோ மில்லுக்குப் போகலாம். மில் காற்றிலுள்ள பருத்தித் தூசு நெஞ்சைப் பாதிக்கிறதா என்று வீட்டிலிருந்தே கவனிக்க வழி உண்டு.

தூசு என்ன செய்யும்?

தலைமுடியில் ஒட்டும் பஞ்சைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசுதான் கெடுதல். பருத்தியோடு வரும் இலைச்சருகும், அதிலுள்ள கிருமிகளின் நஞ்சும் நுரையீரலுக்குள் போகின்றன. புளோரூம், கார்டிங் பிரிவுகளில் இத்தூசு அதிகம். பல ஆண்டுகள் சுவாசித்தால் ‘பைசினோசிஸ்’ என்னும் பஞ்சுத்தூசு நோய் வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கிழமைதான் அடையாளம். வார லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், “நெஞ்சை இறுக்குது, மூச்சு வாங்குது” என்பார்கள். மறுநாள் குறையும். “சரியாப் போச்சு” என்று விட்டுவிடுவார்கள். அடுத்த லீவு முடிந்ததும் மீண்டும் வரும். முற்றினால் எல்லா நாளும் இருக்கும். இங்கிலாந்துப் பஞ்சாலைகளை ஆராய்ந்த டாக்டர் ஷில்லிங், 1950-களில் இதை வைத்தே நோயின் படிகளை வகுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. தினசரி காலண்டரில் லீவு நாளுக்கு வட்டமும், மூச்சு இறுக்கிய நாளுக்குப் பெருக்கல் குறியும் போடுங்கள். வட்டத்துக்கு அடுத்த நாளிலேயே குறி விழுந்து வந்தால் தாமதிக்காதீர்கள்.

2. காலண்டரோடு டாக்டரிடம் போங்கள். மில்லில் எந்தப் பிரிவில் வேலை, எத்தனை வருஷம் என்று சொல்லுங்கள். முதல் நாள் வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்த்தால் மூச்சின் அளவு குறைவது தெரியும்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். காச நோயாகவும் இருக்கலாம்.

4. பீடி, சிகரெட்டை விடுங்கள். துண்டைக் கட்டினால் நுண்தூசு நிற்காது.

மில்லில் என்ன செய்ய வேண்டும்?

தூசை உறிஞ்சும் கருவி ஓட வேண்டும். காற்றை வடிகட்டித் தூசை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் நூல் தயாரிக்கும் பிரிவுகளுக்கு வைத்த உச்ச அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு!

சட்டப் பட்டியலில் இது தொழில்நோய். ஆகவே ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த மருந்தகத்தில் காட்டுங்கள். தொடக்கத்திலேயே தூசு குறைந்த பிரிவுக்கு மாறினால் நெஞ்சு தேறும். முற்றிய பின் கெட்ட நுரையீரலைத் திருப்ப முடியாது.

வட்டமும் குறியும் கவனிப்பீர்! மூச்சு நலமே குடும்ப நலம்!