கடலாமைகளுக்காக நடந்த மனிதர்



பறவை என்றால் சாலிம் அலி, புலி என்றால் ஜிம் கார்பெட் என்று உடனே சொல்லிவிடுவோம். கடலாமை என்றால்? நம்ம கடற்கரையில் நடக்கத் தொடங்கியவர்தான் அவர். ஆனால் நம்மில் பலருக்குப் பெயரே தெரியாது. அவர் சதீஷ் பாஸ்கர்.

யார் இவர்?

கேரளத்துக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் படிக்க வந்தார். வகுப்பைவிடக் கடல் அதிகமாக இழுத்தது. படிப்பைப் பாதியில் விட்டார். (இதை மட்டும் யாரும் காப்பியடிக்க வேண்டாம்!) பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேக்கரின் நட்பு கிடைத்தது. 1970களில், பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் சீசனில், சென்னைக்குத் தெற்கே இரவு முழுக்க நடந்து முட்டைகளைக் காத்த சிறு குழுவில் இவரும் ஒருவர். 1976-ல் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணைக்காகவும் பிறகு களப்பணி செய்தார்.

என்ன செய்தார்?

இந்தியாவில் எந்த ஆமை எந்தக் கரையில் முட்டையிடுகிறது என்ற கணக்கே அப்போது சரியாக இல்லை. 1977 முதல் இருபது ஆண்டுகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையைக் காலால் அளந்து குறிப்பெடுத்தார். 1982-ல் லட்சத்தீவின் சுஹேலித் தீவில், படகே போகாத மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாகத் தங்கிப் பேராமைகளைக் கவனித்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். 24 நாளில் அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் சேர்ந்தது. அவர் அதைத் தபாலில் அனுப்பிவைத்தார்!

கிரேட் நிக்கோபாரில் ஏழுவரி ஆமைகள் கரையேறும் மணல்திட்டுகளை ஆராய்ந்ததும் இவர்தான். அங்குள்ள கலத்தியா விரிகுடா 1997-ல் சரணாலயமானது. 2021-ல் துறைமுகத் திட்டத்துக்காக அந்தத் தகுதி நீக்கப்பட்டது. இவரோ 2023-ல் கோவாவில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோமே!

இதற்கு ஒரு மெக்கானிக்கல் தீர்வு உண்டு: ஆமை விலக்கும் கருவி. வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம், அவ்வளவுதான். இறால் கம்பி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சரிவில் நழுவி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டு வலைக்கு ஏற்றபடி இதை வடிவமைத்திருக்கிறது. ஆனால் அந்தத் திறப்பு வழியாக மீனும் போய்விடுமே என்பது மீனவர் கவலை. அது நியாயமான கவலை. அவர்கள் பிழைப்பு அது. மீன் இழப்பைக் குறைக்கும் வேலை நம்ம வெல்டிங் ஷாப்பில் செய்யக்கூடாத வேலையா? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்கள் யோசிக்கலாம்.

சதீஷ் பாஸ்கர் கையில் டிகிரி இல்லை. நோட்டும் பென்சிலும் இருந்தன. நம்மிடம் லேத்தும் வெல்டிங் மெஷினும் இருக்கின்றன. பக்கத்திலேயே கடலும் இருக்கிறது!