டப்பாவில் ஒரு கணக்கு, கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு

“1 டெராபைட் என்று சொல்லித்தானே எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கை விற்றார்கள்? விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே?” புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

கடைக்காரர் மீது கோபப்பட வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு 1 ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 1024-ஐ 1024-ஆல் இரு முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட். டிஸ்க்கில் இருப்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் கணக்கில் வகுத்தால் 931. இதே போல 500 ஜிபி டிஸ்க் 465 எனத் தெரியும். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராபர்டீஸ் திறந்திடுங்கள். கெப்பாசிட்டி வரியில் இரண்டு கணக்கும் அருகருகே இருக்கும். ஆப்பிள் 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டது. அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டெராபைட் என்றே காட்டும்!

அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்தது. 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சமரசமாகி, வாங்கியவர்களுக்கு பேக்கப் சாப்ட்வேர் ஒன்றை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. குறைந்த இடத்துக்கு ஈடாக சாப்ட்வேர்!

இவ்வளவும் ஊருக்குச் சொல்லும் நானே வேறு விதத்தில் ஏமாந்தேன். இணையக் கடை ஒன்றில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக 2 டெராபைட் பென் டிரைவ் என்று பார்த்ததும் வாங்கிவிட்டேன். செருகியதும் கொள்ளளவும் சரியாகத்தான் தெரிந்தது. தங்கை மகளின் காதுகுத்துப் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்துவிட்டு, கேமரா கார்டை அழித்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பெயர்கள் இருக்கின்றன, அளவும் இருக்கிறது, முதலில் காப்பி செய்தவை தவிர எதுவும் திறக்கவில்லை.

உள்ளே இருந்தது 32 ஜிபி மெமரி சிப்தான். அதை இயக்கும் கண்ட்ரோலர் சிப்பில் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி எழுதியிருந்தார்கள். பைல்களின் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் பதிவாவதால் பெயர்கள் தப்பிவிடுகின்றன. இடம் தீர்ந்த பின் வருபவை எங்கும் பதிவாவதில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் உள்ளது. ஜெர்மன் மொழியில் திறக்கும். பயப்படாமல் இங்கிலீஷ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். செலக்ட் டார்கெட்டில் காலியான பென் டிரைவைக் காட்டி, ரைட் + வெரிஃபை அழுத்திடுங்கள். டிரைவ் முழுவதையும் சோதனைத் தகவலால் நிரப்பிவிட்டு, மீண்டும் படித்துச் சரிபார்க்கும். பெரிய டிரைவ் என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இறுதியில் டேட்டா லாஸ்ட் என்று வந்தால் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனை முடியும் வரை பழைய இடத்தில் உள்ள படங்களை அழிக்காதீர்கள்.

எனக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. மண்டப வாசலில் எடுத்த படங்களும் கிடைத்தன. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்து அழுத படங்கள் அதற்குப் பின் எடுத்தவை. அந்தத் தாய்மாமன் நான்தான்.