காலரா நச்சு கண்டறியப்பட்ட முறை

தொற்றுநோய் நுண்ணுயிரியலில் பட்டமேற்படிப்புப் பயில்வோர்க்குக் கருவிகளைக் கையாளும் பயிற்சி எளிதிற் கிட்டிவிடும். வினாவை எவ்விடத்தில் எழுப்புவது என்னும் பயிற்சியே அரிது. இதற்குக் கல்கத்தாவில் நடைபெற்ற காலரா ஆராய்ச்சி தக்க எடுத்துக்காட்டாகும்.

1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் அந்நகரில், காற்புள்ளி போல் வளைந்த காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்து வளர்த்தார். அது குடலில் தங்கி, ஒரு நச்சுப் பொருளால் நோயை விளைவிக்கின்றது என்பது அவர் கருத்து. ஆயினும் அந்நச்சு அடுத்த 75 ஆண்டுகள் எவர் கையிலும் சிக்கவில்லை. ஆராய்ச்சியாளர் பலர் கிருமிகளைச் சிதைத்து, அச்சாரத்தை விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்றறையிலும் செலுத்தினர். விலங்குகள் மாண்டன, ஆனால் அரிசி கழுநீர் போன்ற, காலராவுக்கே உரிய பேதி உண்டாகவில்லை. சாவு நேர்ந்ததைக் கொண்டு நோயே நேர்ந்ததாகக் கருதியது பெரும் பிழை.

ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்த டாக்டர் சம்பு நாத் டே, மருத்துவப் பட்டம் பெற்றபின் லண்டனில் நோய்க்குறியியல் பேராசிரியர் கேமரனிடம் பயின்று, 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். நுரையீரலில் நீர் கோத்தல் அங்கே இருவரும் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. உடல் நீர் தன் இடம் விட்டு ஏன் கசிகின்றது என்ற சிந்தனை அங்கேயே அவருக்குத் தோன்றியிருக்கக் கூடும்.

தாயகம் திரும்பிய டே, பேதி நிகழும் இடம் குடலாதலின் குடலையே ஆராய முற்பட்டார். வளர்ந்த முயலுக்கு வாய்வழியே கிருமியைப் புகட்டினால் நோய் வருவதில்லை. குடலின் அசைவு கிருமியைத் தள்ளிவிடும். ஆகவே அவர் முயலை மயக்கமுறச் செய்து, சிறுகுடலில் சுமார் 4 அங்குல நீளத்தை இரு முனையிலும் நூலாற் கட்டி, அவ்விடைவெளியில் உயிருள்ள கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அத்துண்டு நீரால் உப்பியிருந்தது. கிருமி கலவாத நீர்மம் செலுத்திய துண்டோ வறிதே கிடந்தது. இவ்வொப்பீட்டுத் துண்டின் இன்றியமையாமையை ஆசிரியர்கள் மாணவர்க்கு வற்புறுத்திக் கூறவேண்டும். அஃது இல்லையேல், நீர் சேர்ந்தது கிருமியாலா, கட்டிய நூலாலா என்று எவ்வாறு அறிவது? இம்முறையை டே, சாட்டர்ஜியுடன் சேர்ந்து 1953-இல் வெளியிட்டார். கத்தி, ஊசி, நூல் ஆகியவையே இதற்குப் போதுமானவை.

அடுத்த வினா: நீரைச் சுரக்கச் செய்வது கிருமியா, அது வெளியிடும் பொருளா? கிருமி வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, ஒரு கிருமியும் எஞ்சாத வடிநீரைக் குடல் துண்டில் அவர் செலுத்தினார். துண்டு முன்போலவே உப்பியது. 1959-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த இக்கட்டுரை, காலரா நச்சு உள்ளதென்பதை நிலைநாட்டியது. ஆயினும் அவர் பெயர் நாட்டிற் பரவலாக அறியப்படவில்லை. ஸ்டாக்ஹோமில் 1978-இல் நடைபெற்ற நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பெற்றார், 1985-இல் காலமானார்.

நச்சு, குடற்சுவரின் உயிரணுக்களைத் தூண்டி உப்பையும் நீரையும் வெளியேறச் செய்கின்றது. அவ்வணுக்களை அது அழிப்பதில்லை. சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் ஆற்றல் நோயின்போதும் அவற்றுக்கு உண்டு. ஆதலின், நோயாளி இழந்த நீரை வாய்வழியாகவே ஈடுசெய்ய இயலும். இது 1968-இல் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நோயாளிகளிடையே மெய்ப்பிக்கப்பட்டது. 1971-இல் பங்காவ்ன் அகதி முகாமில், சிரைவழி செலுத்தும் நீர்மம் தீர்ந்துபோன நெருக்கடியில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் உறவினரே அதை ஊட்டினர். அங்கே சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.