பெட்டியை மாடி ஏற்றும் வினைச்சொல்

ஆங்கிலக் கதைகளின் உரையாடல்களை ஸ்பானிய மொழிக்குப் பெயர்க்கிறவர்களுக்கு ‘ஷ்லெப்’ என்ற வினைச்சொல் எப்போதும் வேலை வைக்கும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியோடு கொண்டுவந்த சொல் அது. இத்திஷில் ‘இழு’ என்று பொருள். அமெரிக்கப் பேச்சு ஆங்கிலத்தில் கனமான ஒன்றை மூச்சு வாங்க, வேண்டாவெறுப்பாகத் தூக்கியோ இழுத்தோ கொண்டுபோவதைச் சொல்கிறது. சுமையும் சலிப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

அகராதியைப் பிரித்தால் கார்கார் (சுமப்பது), அர்ராஸ்த்ரார் (இழுப்பது), அக்கார்ரெயார் என்று வரிசையாக வரும். அக்கார்ரெயாரை நான் உரையாடலில் தொடுவதே இல்லை. வண்டியில் சரக்கு கொண்டுபோகும் வாசனை அதில் உண்டு. ‘இது சிக்கலைக் கொண்டுவரும்’ என்பது போன்ற செய்தித்தாள் நடைக்குத்தான் அது பொருந்தும்.

அனுபவத்தில் நான் கற்றது இதுதான்: ஷ்லெப்புக்கு நேர்ச்சொல் தேடி உட்காராதீர்கள். ஆள் எந்தப் பக்கம் போகிறார் என்று பாருங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஒருத்தி பெட்டியை ஐந்தாவது மாடிக்கு ஷ்லெப் செய்கிறாள். ஆங்கிலம் அவள் படும் பாட்டை வினையில் வைத்துவிட்டு, ‘மேலே’ என்பதை ‘அப்’ என்ற ஒட்டுச்சொல்லிடம் விட்டுவிடும். ஸ்பானியம் திசையைத்தான் வினையாக்கும். பாடு பின்னால் வரும். ‘சுபியோ லா மலேதா ஆ ராஸ்த்ராஸ்.’ சுபியோ என்றால் ஏற்றினாள். மொழிகளுக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டை மொழியியலாளர் லெனர்டு டால்மி 1985இல் விரிவாக எழுதினார். தமிழர்களுக்கு அதைப் படிக்காமலே கை வரும். ‘பெட்டியை இழுத்துக்கிட்டு மாடி ஏறினா’ என்றுதானே நாமும் சொல்கிறோம்? வாக்கியம் அடம்பிடித்தால் நான் முதலில் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஸ்பானிய அமைப்பு பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும்.

‘ஆ ராஸ்த்ராஸ்’ எனக்குப் பிடித்த தொடர். ‘தரையில் இழுபட’ என்பது அதன் நேர்ப்பொருள். ‘மனமில்லாமல்’ என்றும் பொருள் உண்டு. ஷ்லெப்பின் சலிப்பு வேறெங்கும் இவ்வளவு சரியாக உட்காருவதில்லை. முதுகிலோ தோளிலோ சுமந்தால் ‘ஆ குவெஸ்தாஸ்’. எதன் மேலும் சாய்க்காமல் கைவலுவிலேயே தூக்கினால் ‘ஆ புல்ஸோ’. ஆகவே பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறதா, அது தோளில் இருக்கிறதா என்று மூலத்தில் தேடிப் பாருங்கள். சோபாவை மாடிக்குக் கொண்டுபோவதும் பையை ஊரெல்லாம் சுமப்பதும் ஒரே தொடரில் அடங்காது.

அடுத்தது நாடு. மெக்சிகோவில் கார்கார் அன்றாடச் சொல். குழந்தையைத் தூக்கவும் அதுதான். நாள் முழுக்க எதையாவது சுமந்து அலைவதற்கு ‘அந்தார் கார்காந்தோ’ என்றால் அங்கே அலுப்பும் சேர்ந்து ஒலிக்கும். ஸ்பெயினில் கார்கார் பெரும்பாலும் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும். கொண்டுபோவதற்கு யெவார் என்பார்கள். அங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ‘மே கார்கே லா மலேதா’ என்று எழுதினால் பெட்டியைச் சுமந்தேன் என்று ஆகாது, உடைத்துத் தொலைத்தேன் என்று ஆகிவிடும்.

அலுப்பூட்டும் நெடும்பயணத்தையும் ஆங்கிலத்தில் ‘ஒரு ஷ்லெப்’ என்பார்கள். அதற்கு ஸ்பெயினில் ‘உனா பலீஸா’ நன்றாகப் பொருந்தும். அடி வாங்கியது போன்ற களைப்பு என்று அர்த்தம். மெக்சிகோவில் ‘உனா ஃப்ரியேகா’ என்பார்கள். கொஞ்சம் கரடுமுரடான சொல், அதனால் பேசுகிறவர் யார் என்று பார்த்துப் போடுங்கள்.

வேலையைக் கையில் வாங்கும்போதே எந்த நாட்டு வாசகருக்கு என்று கேட்டுவிடுங்கள். ‘பொதுவான ஸ்பானியம் போதும்’ என்று பதில் வந்தால், திசை வினையோடு ஆ ராஸ்த்ராஸ் அல்லது ஆ குவெஸ்தாஸ் சேர்த்து எழுதுங்கள். அது இரண்டு நாட்டிலும் செல்லும்.