அச்சுக்கூடம் போகுமுன் அறிய வேண்டிய சொற்கள்



கடைப் பலகை, பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று அச்சுக்கூடத்தை நாடாத வியாபாரி நம்மில் இல்லை. ஆனால், "நல்லபடியாகப் போட்டுக் கொடுங்கள்" என்பதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்வதில்லை. அதன் பலனையும் அனுபவித்தோம். நமது கஞ்சி விநியோக நோட்டீஸில் "நோன்பு" என்ற சொல்லின் இரட்டைக் கொம்பு, எழுத்துக்கு முன்னே நில்லாமல் பின்னே போய் நின்றது. அமைத்தவருக்குத் தமிழ் தெரியாது, நாமும் சரிபார்க்கவில்லை. ஆயிரம் பிரதிகளும் வீணாயின.

ஆகவே சில சொற்களைக் கற்போம்.

எழுத்துரு: ஒரே சாயலில் அமைந்த எழுத்துகளின் தொகுதி. ஒரு நோட்டீஸுக்கு இரண்டு உருக்கள் போதும். ஐந்தாறு சேர்ந்தால் கண் கூசும்.

யூனிகோடு: ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் பொதுவான ஓர் எண். 1991-இலேயே தமிழ் இதில் இடம்பெற்றது. எனினும், அமைக்கும் மென்பொருளும் தமிழுக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். இல்லையேல் கொம்பு இடம் மாறும்.

புள்ளி: எழுத்தின் அளவு. 72 புள்ளி ஓர் அங்குலம். பில்லுக்கு 10 புள்ளி போதும். முதியோர் படிப்பதற்கு 14 நன்று.

வரியிடைவெளி: ஈய எழுத்துக் காலத்தில் வரிகளுக்கிடையே மெல்லிய ஈயத் தகடு வைப்பர். தமிழில் மேலே விசிறியும் கீழே வளைவும் உண்டாதலால் தாராளமாக விடவேண்டும்.

மெய்ப்பு: அச்சேறுமுன் பிழை பார்க்கும் படி. தமிழறிந்தவர் படித்துக் கையொப்பமிடாமல் அச்சுக்கு அனுமதி தரலாகாது.

வெளிக்கோடாக்குதல்: எழுத்துகளை வடிவங்களாக மாற்றி அனுப்புவது. பிறர் கணினியில் எழுத்துரு மாறாது. ஆனால் பிறகு திருத்த இயலாது. மெய்ப்புப் பார்த்த பின்னரே செய்க.

கடைப் பலகையில் தேசிய மொழியே முதன்மை பெறவேண்டும் என்பது விதி. தமிழுக்குக் கிடைப்பது சிறிய இடமே. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் நம் கடை தேடிவரும் தோட்டத்துப் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்திருக்கலாம். அச்சிறு இடத்தையும் பிழையாக்கலாமா?

அச்சு நமக்குப் புதிதன்று. மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே நீரிணைக் குடியேற்றமாயிருந்த 1887-இல், மகுதூம் சாகிபு சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' வார இதழைத் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தையும் கையால் கோத்த காலம் அது. இன்று கணினி கோக்கிறது. படித்துப் பார்க்கும் கண் மட்டும் நம்முடையதாகவே இருக்கட்டும்.